மேட்டிமை என்னும் சொல்லும் அதன் ஆட்சியும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவன் மற்றொருவனை வைதால் அதற்குத் தமிழில் சொல் உண்டு. இகழ்ந்தால் உண்டு, எள்ளி நகையாடினால் உண்டு, ஒதுக்கினால் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால், இன்னொரு காட்சியைப் பாருங்கள். ஒருவர் சிரித்த முகத்தோடு வருகிறார். எதிரில் நிற்கும் இளைஞனின் முதுகில் தட்டிக் கொடுக்கிறார். "பரவாயில்லையே, நீ கூட நன்றாக எழுதுகிறாயே!" என்கிறார். இளைஞனின் முகம் கருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாராட்டத்தானே செய்தார், இதற்கு ஏனடா வருந்துகிறாய்?" என்று கேட்கின்றனர். அவனுக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. நோய் இருக்கிறது, நோயின் பெயர் நாவில் வரவில்லை.

'நீ கூட' என்பதில் உள்ள அந்தக் 'கூட' எங்கிருந்து வந்தது? 'பரவாயில்லை' என்பது தமிழே அன்று. பாரசீகத்தில் பிறந்து, உருது வழியே இங்கு வந்து குடியேறிய சொல். பிறரைக் கீழிறக்கிப் பாராட்டுவதற்குச் சொல்லும் கடன், அப்பாராட்டில் மயங்கி நிற்கும் உள்ளமும் கடன்! அது நிற்க. அந்த நோய்க்கு உரிய தமிழ்ப் பெயரைப் பற்றியதே இவ்வுரை. 'மேட்டிமை' என்பது அப்பெயர். ஆள்வார் குறைந்தமையால் மங்கிக் கிடக்கும் சொல். துலக்கினால் ஒளிவிடக் கூடிய சொல்.

முதலில் இதன் உறவுச் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். செருக்கு, தருக்கு, இறுமாப்பு என்பன ஒருவன் தன்னைப் பற்றிக் கொள்ளும் மிகையான எண்ணத்தைக் குறிப்பன. செருக்குக்கு எதிராள் வேண்டியதில்லை. காட்டில் தனியே இருப்பவனும் செருக்குற்றிருத்தல் கூடும். இகழ்ச்சி அப்படியன்று, அதற்கு எதிராள் வேண்டும். ஆயின் அது வெளிப்படையானது. பட்டவன் உடனே அறிவான், திருப்பியும் அடிப்பான். இளக்காரம் என்பது எதிராளை மென்மையானவன், எதிர்க்க மாட்டாதவன் என்று கருதி நடத்துவது. "என்னைக் கிள்ளுக்கீரை என்று எண்ணினாயா?" என்று சிற்றூர்ப் பெண்டிர் கேட்பது இதனைத்தான். வேரோடு பிடுங்கவும் வேண்டாத கீரை, கிள்ளினால் போதும் என்னும் எண்ணம்.

மேட்டிமை இவை எல்லாவற்றினும் வேறு. தன்னைப் பற்றிய உயர்வெண்ணமும் எதிராளைப் பற்றிய தாழ்வெண்ணமும் ஒருங்கே சேர்ந்து, அன்பு போலவோ, பரிவு போலவோ, பாராட்டுப் போலவோ வெளிப்படுவது அது. இதனாலேயே அதைச் சுட்டிக் காட்டுவது அரிது. சுட்டுகின்றவனே நன்றி கொன்றவன் ஆகிவிடுகிறான்.

சொல்லின் பிறப்பைப் பாருங்கள். 'மே' என்னும் அடியினின்று மேல், மேடு, மேன்மை, மேனி என்றின்னோரன்ன பல சொற்கள் கிளைத்தன என்பது மொழிஞாயிறு பாவாணர் காட்டிய நெறி. மேடு என்பது மேட்டு, மேட்டி எனத் திரிந்து, 'மை' ஈறு பெற்று மேட்டிமை ஆயிற்று. மேன்மை என்னும் நற்பொருளும் இதற்கு உண்டு; இறுமாப்பு என்னும் தீப்பொருளும் உண்டு. ஒரே சொல் இரு பொருளும் தருவதில் வியப்பில்லை. மேட்டில் நிற்பவன் அதை மேன்மை என்பான். பள்ளத்தில் நிற்பவன் இறுமாப்பு என்பான். நிற்கும் இடத்திற்கு ஏற்பப் பொருள் மாறுகிறது.

உழவரைக் கேட்டால் மேட்டு நிலத்தின் இயல்பைச் சொல்வர். மழை பொதுவாகத்தான் பெய்கிறது. ஆனால், மேட்டில் நீர் நிற்பதில்லை. வாய்க்கால் நீரும் அங்கு ஏறுவதில்லை. ஏற்றம் கட்டி இறைத்தால்தான் உண்டு. மேட்டிமை கொண்டவர் எத்தனை கற்றோரிடையே வாழ்ந்தும் ஒன்றும் கற்காமற் போவதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

கற்றோர் கைவிட்ட இச்சொல் வேறோரிடத்தில் பிழைத்திருக்கிறது. பழைய விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் 'மனமேட்டிமை' என்னும் தொடர் ஆளப்பட்டுள்ளது. அதனால், கல்லூரி வாயிலையே மிதியாத கிறித்தவச் சிற்றூர் மூதாட்டிக்கு இச்சொல் தெரிகிறது. தமிழில் பட்டம் பெற்றவர்க்குத் தெரிவதில்லை.

தெரிந்தவரும் இன்று 'மேட்டிமைத்தனம்' என்று எழுதுகின்றனர். இது தேவையில்லை. 'மை' ஈறே பண்பைக் குறித்துவிட்டது. கருமைத்தனம், இனிமைத்தனம் என்று எவரும் எழுதுவதில்லை அன்றோ? தலைப்பாகையின் மேல் இன்னொரு தலைப்பாகை எதற்கு? 'மேட்டிமை காட்டினார்', 'மேட்டிமை பேசினார்', 'மேட்டிமையோடு நோக்கினார்' என்றால் போதும்.

செய்தித்தாள்கள் 'பெரியண்ணன் போக்கு' என்று இன்னொரு தொடரை வழங்கி வருகின்றன. ஆங்கிலத் தொடரை அப்படியே தமிழெழுத்தில் இறக்கிய வேலை அது. தமிழ்க் குடும்பத்தில் பெரியண்ணன் யார்? தந்தை மறைந்தபின் தன் படிப்பை நிறுத்தி ஏர் பிடித்துத் தம்பியரைப் படிக்க வைத்தவன். தங்கைக்கு மணம் முடிக்கும் வரை தன் மணத்தைத் தள்ளி வைத்தவன். அவன் பெயரை அடக்குமுறைக்கு வைப்பது எந்த முறைமை? ஆங்கிலேயனுக்கு அண்ணன் அப்படி இருந்தால் அது அவன் வீட்டுக் கதை.

ஆங்கிலேயர் இப்போக்குக்கு ஆளும் சொல் 'கண்டிசென்சன்' என்பது. இலத்தீனத்தில் இறங்கி வருதலைக் குறிக்கும் வினையினின்று பிறந்தது. அது தொடக்கத்தில் பழிச்சொல்லாய் இருந்ததில்லை. உயர்குடிப் பிறந்தோர் தம் உயர்வைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு எளியாரோடு பேசினால், அதனை அரும்பண்பு என்று போற்றிய காலம் ஒன்று அந்நாட்டில் இருந்தது. 1813இல் வெளிவந்த சேன் ஆசுட்டின் அம்மையாரின் புகழ்பெற்ற புதினத்தில், காலின்சு என்னும் மறைப்பணியாளர் தம்மைப் புரக்கும் சீமாட்டியின் இப்பண்பை ஓயாது புகழ்ந்துகொண்டே இருப்பார். படிப்பவர்க்கு நகை வரும். அந்த நகையில்தான் சொல்லின் திருப்பம் தொடங்கியிருந்தது. இறங்கி வருகின்றவரை நோக்கி, "ஐயா, தாங்கள் ஏறியது எப்போது?" என்று கேட்கும் துணிவு கீழே நின்றவனுக்கு வரவர, புகழ்ச்சொல் பழிச்சொல் ஆயிற்று. ஒரு சொல்லின் வரலாறு ஒரு குமுகாயத்தின் வரலாறாகவும் இருப்பதற்கு இது நல்ல சான்று.

தமிழர்க்கு இந்த அறிவு பிற்பட்டு வந்ததன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு இலக்கணம் கூறுகிறார். மூன்றும் ஒரு பொருளைக் கேட்கும் சொற்களே. ஆயின், தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பது 'ஈ'. ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்பது 'தா'. உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்பது 'கொடு'. ஒருவனது உயர்வும் தாழ்வும் அவன் வாய் திறந்து ஒரு பொருளைக் கேட்கும்போதே வெளிப்பட்டுவிடும் என்பதைக் கண்டு, அதனை நூற்பாவில் அமைத்தவர் அவர். அவ்வேறுபாடு இன்று வழக்கில் அழிந்தது. 'ஈ' என்பது செய்யுளில் ஒடுங்கியது. தாவும் கொடுவும் கலந்து போயின. அழிந்ததும் நன்றே. எஞ்சி நிற்பவற்றுள் ஒத்தவர் சொல்லான 'தா' என்பதையே தாயிடமும் தோழனிடமும் பிள்ளைகள் ஆள்கின்றன.

இனிப் புறநானூற்றுக்கு வருவோர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வறுமையில் உழன்றவர். குடும்பம் பசித்திருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் வேண்டிச் சென்றார். அதியமான் கொடாதவனல்லன், கொடையிற் சிறந்த வேந்தன். அவனும் பரிசில் தந்தான். ஆனால், புலவரை நேரிற் காணாமலே, இதைக் கொண்டு செல்க என்று கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் காணாது தந்த பொருளைக் கொண்டு செல்லத் தாம் பாட்டை விலைக்கு விற்கும் வணிகர் அல்லர் என்றும், தம் அறிவின் அளவை அறிந்து தருவதாயின் தினையளவு பொருளும் இனியதே என்றும் அவர் பாடினார். அந்தப் பாட்டு 208ஆம் பாட்டாக இன்றும் இருக்கிறது.

இதனை ஊன்றி எண்ணுதல் வேண்டும். பொருள் குறைவென்று புலவர் வருந்தினாரல்லர். வேந்தன் வைதானுமல்லன். பசித்தவன் ஒருவன் கைக்கு வந்த பொருளை மறுப்பதற்கு எது நின்றது? கொடுத்தவன் கண் அவர்மேற் படவில்லை என்பதே. பொருள் வந்தது, மதிப்பு வரவில்லை. மேட்டிமை என்பதற்குப் பக்கம் பக்கமாகப் பொருள்விளக்கம் எழுதினாலும் இதற்குமேல் எழுத இயலாது. இதே புலவர், இளவெளிமான் சிறிது கொடுத்தபோதும் கொள்ளாது எழுந்து சென்றார். பின் குமணனிடம் யானை பெற்று, அதனைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டிவிட்டுச் சென்றார். சினம் மிகுந்த செயல்தான். ஆனால், இரந்து வாழ்ந்த ஒருவர்க்கு அத்தனை நிமிர்வு இருந்த நாடு இது.

எதிர்ப்புறமும் ஒன்று காட்டுதல் நேர்மை. மோசிகீரனார் என்னும் புலவர், களைப்பு மிகுதியால் அறியாது முரசு கட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். வீரமுரசுக்கு உரிய கட்டில் அது. அதில் ஏறியவரை வாளால் வெட்டுதல் அக்காலத்து முறை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்தான், கண்டான், வாளெடுக்கவில்லை. கவரி எடுத்து வீசினான். இவனும் மேலிருந்து கீழிறங்கியவன்தான். ஆனால் இதில் மேட்டிமை இல்லை. ஏன்? புலவர் உறங்குகிறார். வேந்தனின் இறக்கத்தைக் காண விழித்த கண் அங்கு இல்லை. அதைப் புகழ நாவும் இல்லை. இறங்குவதை எதிராள் பார்க்க வேண்டும் என்று எவன் எதிர்பார்க்கிறானோ, அவனிடமே மேட்டிமை உண்டு.

திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தமை ஆழ்ந்த கருத்துடையது. ஒப்புரவு என்னும் சொல்லின் அடி 'ஒப்பு'. கொடுப்பவனும் கொள்பவனும் ஒத்தவர் என்னும் உணர்வு முதலில். கொடுப்பது அதன் பின்னர். முகமலர்ச்சியோடு சொல்லும் இன்சொல் கொடையினும் நன்று என்றும், முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் அனிச்சம் போல வாடிப்போவர் என்றும் அவர் கூறியவையும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கன.

இவ்வளவு நுட்பமாக மேட்டிமையைக் கண்டறிந்த இனம், அதைத் தன் வீட்டு முற்றத்திலேயே வளர்த்தது. இதையும் மறைத்தல் ஆகாது.

ஒரு பண்ணையாரை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியவரை அன்று, நல்லவரையே. அவர் பண்ணையாளை அடிப்பதில்லை, கூலியைக் குறைப்பதில்லை, அறுவடை நாளில் கூடுதலாக ஒரு மரக்கால் நெல்லும் அளப்பார். உச்சி வேளையில், அறுபது அகவை கடந்த பண்ணையாளைப் பார்த்து, "டேய், கஞ்சி குடித்தாயா?" என்று கேட்பார். பரிவு உண்மை, கஞ்சியும் உண்மை. அந்த 'டேய்'? பண்ணையாரின் பத்து அகவைப் பேரனும் அக்கிழவரை 'வாடா' என்றான். கிழவர் அந்தச் சிறுவனைச் 'சின்ன ஆண்டை' என்றார். இருவரும் இதை இயல்பென்றே கொண்டனர்.

தாகம் என்று வந்தவர்க்கு நீர் தருவது அறம். ஆனால் ஏனத்தில் தராமல், இரு கைகளையும் குவித்து ஏந்தச் சொல்லி, மேலே நின்று ஊற்றினர். ஊற்றியவர் தம்மைக் கொடையாளர் என்றே கருதினார். நீர் உயரத்திலிருந்து விழுந்ததே, அந்த உயரம் எத்தனை முழமோ அத்தனை முழமும் மேட்டிமை. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்தவரும் தேநீர் தர மறுக்கவில்லை, குவளையைத்தான் பிரித்தார். மறுப்பவனிடம் போராடலாம்; கொடுத்துக்கொண்டே தாழ்த்துபவனிடம் எப்படிப் போராடுவது என்று தெரியாமல் பல தலைமுறைகள் கழிந்தன.

அறிஞர் கால்டுவெலார் வாழ்வில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. 1838இல் தமிழகம் வந்து, இடையன்குடியில் நெடுங்காலம் தங்கி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, வடமொழியின் துணையின்றித் தமிழ் தனித்தியங்க வல்லது என்று உலகறியச் செய்தவர் அவர். இவ்வியக்கம் அவருக்குப் பட்ட கடன் பெரிது. ஆயினும், தென்பாண்டி நாட்டு நாடார் குல மக்களைப் பற்றி 1849இல் அவர் எழுதிய சிறுநூல் அம்மக்களைத் தாழ்வாகச் சித்திரித்தது. அவர் அவர்களைப் பகைத்தவரா? இல்லை. அவர்களுக்காகவே பள்ளி நடத்தினார். அவர்களுக்காகவே வாழ்வைச் செலவிட்டார். உயர்த்த வந்தவர், உயர்த்தப்பட வேண்டியவர் எத்தனை தாழ்ந்தவர் என்று காட்டினால்தான் தம் பணியின் பெருமை விளங்கும் என்று கருதியது போலும். அம்மக்கள் கல்வி பெற்றதும் முதலில் செய்தவற்றுள் ஒன்று அந்நூலை எதிர்த்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்நூல் திரும்பப் பெறப்பட்டது. பள்ளி கட்டித் தந்தவரையே எதிர்த்தனரே, இது நன்றி கெட்ட செயலன்றோ என்று கேட்டவரும் அன்று இருந்திருப்பர். மொழியிடம் மேட்டிமை காட்டாத ஒருவரே மக்களிடம் காட்டினார். இரண்டையும் ஒருங்கே சொல்வதே வரலாறு.

மொழியிடம் மேட்டிமை காட்டியவர்க்கும் குறைவில்லை. மெக்காலே 1835இல் எழுதிய கல்விக் குறிப்பில், ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஓர் அடுக்கே இந்திய, அரபிய இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்னும் கருத்தை வெளியிட்டார். தமக்கு வடமொழியும் அரபியும் தெரியாது என்று அதே குறிப்பிலேயே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்! மக்கள் பேசும் மொழிகளையோ, இலக்கியச் செல்வமும் அறிவியற் செல்வமும் அற்றவை என்று ஒரு தொடரில் தள்ளிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் மேட்டில் நின்று வடமொழியைப் பார்த்தார். வடமொழிவாணர் அதே நேரத்தில் இன்னொரு மேட்டில் நின்று தமிழை 'நீச பாசை' என்று பார்த்துக்கொண்டிருந்தனர். மேட்டிமை படிக்கட்டுப் போன்றது. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் கீழே ஒரு படி தேவை.

'வெர்னாக்குலர்' என்று ஆங்கிலேயர் இந்நாட்டு மொழிகளைக் குறித்தனர். 1878இல் இந்நாட்டு மொழி இதழ்களின் வாயை அடைக்க வந்த சட்டத்திற்கும் அப்பெயரே. அச்சொல்லின் அடியாகிய 'வெர்னா' என்பதற்கு இலத்தீனத்தில் ஆண்டையின் வீட்டிலேயே பிறந்த அடிமை என்று பொருள். இதை அறியாமல், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே தம்மை அப்பெயரால் சொல்லிக்கொண்ட காலம் இருந்தது. ஆங்கில ஆட்சி நீங்கியபின், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் வேறொரு சொல்லைக் கொண்டது: வட்டார மொழிகள். மொழி பற்றிய பதினேழாம் பகுதியில் ஒன்றியத்தின் மொழிக்கு முதல் இயல். வட்டார மொழிகளுக்கு அடுத்த இயல். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழி வட்டாரம் ஆயிற்று.

பரிவோடு வரும் மேட்டிமைக்கு 2004ஆம் ஆண்டின் நிகழ்வு தக்க காட்டு. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று பரிதிமாற் கலைஞர் நிறுவியது அவர் மறைந்த 1903ஆம் ஆண்டிற்கு முன்னரே. நூறாண்டுக் கோரிக்கைக்குப் பின், 2004 அத்தோபர் 12ஆம் நாள் தமிழ் செம்மொழி என்று நடுவணரசு அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயின், செம்மொழிக்கு அவர்கள் வைத்த பழமை அளவு என்ன? 1,000 ஆண்டு போதுமாம்! மறு ஆண்டு வடமொழியைச் சேர்த்தபோது அந்த அளவு 1,500 முதல் 2,000 ஆண்டு என உயர்ந்தது. தமிழுக்கு 1,000, வடமொழி வந்தவுடன் 2,000. அதியமான் கொடுத்தனுப்பிய பரிசில் நினைவுக்கு வருகிறதா? கொடுத்தனர், அளவறிந்து கொடுக்கவில்லை. அன்று பட்டாசு வெடித்தவர் பலர். அளவைக் கேட்டவர் சிலர்.

பட்டாசைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடபுலத் தலைவர் ஒருவர் மேடையேறுகிறார். தாளைப் பார்த்து 'வணக்கம்' என்கிறார். அரங்கம் அதிரக் கைதட்டுகிறது. எஞ்சிய ஒரு மணி நேரமும் இந்தியிற் பேசுகிறார். ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் விலை! தமிழர் ஒருவர் இலக்கனோ சென்று 'நமசுதே' என்று ஒரு சொல் சொன்னால் அங்கு எவரும் கைதட்டுவதில்லை. கடமை என்று கருதுவர். மேட்டிமையின் பாதி, கொடுப்பவன் கையில் இருக்கிறது. மறுபாதி கைதட்டுகிறவன் கையில் இருக்கிறது.

அன்பர்களே! இதுவரை கேட்டபோது இவ்வவையில் தலையசைத்தவர் பலர். இனிச் சொல்லப் போவதற்குத் தலையசைப்பது சற்றுக் கடினம்.

தனித்தமிழ் கற்ற இளைஞன் ஒருவன் பேருந்தில் ஏறுகிறான். விடியற்காலை நான்கு மணி முதல் நின்றுகொண்டே பணி செய்யும் நடத்துநர், "டிக்கட், டிக்கட்" என்று வருகிறார். இளைஞன் புன்னகை செய்கிறான். "டிக்கட் இல்லை ஐயா, பயணச்சீட்டு. எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்" என்கிறான், குழந்தைக்குச் சொல்வது போல. சுற்றி இருப்போர் சிரிக்கின்றனர். நடத்துநரின் முகம் கருக்கிறது. இவ்வுரையின் தொடக்கத்தில் ஓர் இளைஞனின் முகம் கருத்ததே, அதே கருமை. அவன் சொன்ன சொல் சரி. சொன்ன இடமும் நின்ற உயரமும் சரியல்ல. அன்று முதல் அந்நடத்துநர் பயணச்சீட்டு என்று சொல்வாரா? வாழ்நாள் முழுதும் சொல்ல மாட்டார்.

மறைமலையடிகள் தம் மகளார் நீலாம்பிகையாரோடு உரையாடியபோதே தனித்தமிழ் உணர்ச்சி வடிவு பெற்றது என்பது யாவரும் அறிந்த செய்தி. 1916இல் ஒரு வீட்டுத் தோட்டத்தில், தந்தைக்கும் மகளுக்கும் இடையே அரும்பிய இயக்கம் இது. அடிகள் முதலில் மாற்றியது தெருவிற் போவோர் பெயரையன்று. சுவாமி வேதாசலம் என்னும் தம் பெயரை. பாவாணர் உழவரையும் தொழிலாளரையும் திருத்தியவர் என்பதைவிட அவர்களிடம் கேட்டவர் என்பதே பொருந்தும். நூல்வழக்கில் மறைந்த எத்தனையோ சொற்கள் உலக வழக்கில் உயிரோடு இருக்கின்றன என்று அவர் இறுதிவரை வற்புறுத்தினார். கடலோடியிடம் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு அத்தனை பெயர் இருக்கிறது. அவனிடம் 'மோட்டார்' என்னும் ஒரு சொல்லைக் கண்டு முகம் சுளிப்பவன், அந்தக் காற்றுகளின் பெயரை எங்கே போய்க் கற்பான்?

நெசவூர் ஒன்றில் நடந்ததாகத் தொண்டர்கள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஓர் இளைஞர் துண்டறிக்கைகளோடு தறிக்கூடம் ஒன்றில் நுழைந்தார். முதிய நெசவாளர் ஒருவர், "சேலை ரெடி ஆகவில்லை தம்பி, நாளைக்கு வாருங்கள்" என்றார், துணி வாங்க வந்தவர் என்று எண்ணி. இளைஞர், "ரெடி என்பது ஆங்கிலம் ஐயா, அணியம் என்று சொல்ல வேண்டும்" என்றார். முதியவர் சினக்கவில்லை. தறியைக் காட்டி, "நீளவாட்டில் ஓடுகிறதே, இந்த நூலுக்கு என்ன பெயர் தம்பி?" என்று கேட்டார். இளைஞர்க்குத் தெரியவில்லை. "குறுக்கே போவதற்கு?" தெரியவில்லை. "இதோ, இழையை ஒன்றுவிட்டு ஒன்று தூக்குகிறதே, இதற்கு? இழையை அடித்து நெருக்குகிறதே, இதற்கு?" இளைஞர் துண்டறிக்கைக் கட்டைக் கீழே வைத்தார். முதியவர், "உட்காருங்கள் தம்பி" என்று பலகையில் தம் பக்கத்தில் இடம் விட்டார்.

அன்று மாலை அவ்விளைஞரின் குறிப்பேட்டில் இருந்த சொற்கள்: பாவு, ஊடை, விழுது, அச்சு, தார். எல்லாம் தமிழ். மறுவாரம் அவர் மீண்டும் சென்றபோது கையில் துண்டறிக்கை இல்லை. எழுதுகோல் மட்டும் இருந்தது. முதியவர் தறியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "வாருங்கள் தம்பி, உங்கள் சேலை அணியமாக இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தாராம்.